உசுதாவின் காலிப் பட்டை

“சரி, ரெண்டையும் ஒட்டிட்ட. ஒட்டினதுல புதுசா என்னத்தக் கண்ட, அதச் சொல்லு,” என்றார் முரோய், வண்டியின் துடைப்பானைக் கொஞ்சம் வேகப்படுத்திக்கொண்டே.

“அதத்தானே சென்பாய் கனசாவாவுல இருந்து சொல்லிட்டு வரேன்! நீங்க எங்க சொல்ல விட்டீங்க?”

“நீ எங்க மூச்சு விட்ட?”

மினோ மடிக்கணினியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ரோட்டைப் பாக்க விடும்மா. இந்தப் பனியில சறுக்கினா நீயும் நானும்தான் ஒண்ணா ஒட்டிக்கிட்டுக் கிடப்போம்.”

முரோய் வேலையில் அவளுக்குப் பத்து வருஷம் மூத்தவர். அதனால்தான் அந்த சென்பாய். அவருக்கு அவள் பேச்சு பிடிக்கும். பிடிக்கும் என்று காட்டிக்கொள்ளத்தான் பிடிக்காது.

இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தது சபாயேவில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடி ஃபிரேம் கம்பெனிக்கு. ஆர்டர் வந்து விழுவதிலிருந்து சரக்கு லாரி ஏறுவது வரை எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்புக்குள் கொண்டுவரும் வேலை. நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால், அங்கே வேலை எப்படி நகர்கிறது என்று படம் போட்டாக வேண்டும். படம் கோணினால் அதன்மேல் கட்டுகிற அத்தனையும் கோணும்.

“கேளுங்க சென்பாய். பெட்டிப் படம் இருக்குல்ல, முன்னாடி இருந்த ஆலோசகர்கள் போட்டுக் குடுத்துட்டுப் போனது? அதுல ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி. இடப்பக்கம் என்ன உள்ள வருது, வலப்பக்கம் என்ன வெளிய போகுது, எல்லாம் இருக்கு. ஆனா யாரு செய்யறாங்கன்னு பாத்தா, பெட்டிக்கு அடியில பொடி எழுத்துல மூணு நாலு பேரை மொத்தமாத் திணிச்சு வச்சிருக்காங்க.”

“ம்.”

“நீங்க போட்டது பட்டைப் படம். நீச்சல் குளத்துல கயிறு கட்டிப் பிரிப்பாங்களே, அந்த மாதிரி ஆளுக்கு ஒரு பட்டை. யாருகிட்ட இருந்து யாருகிட்ட தாள் போகுதுன்னு பளிச்சுன்னு தெரியுது. ஆனா வாங்கின ஆளு அதுல என்ன பண்ணாருன்னு தெரியல.”

“என் படத்தைத் திட்டறதுக்குத்தான் காலங்காத்தால என்னைக் கிளப்பினியா?”

“திட்டல சென்பாய்! ரெண்டையும் கலந்தா இதோட ஓட்டையை அது அடைக்குது, அதோட ஓட்டையை இது அடைக்குது. நான் ஒரு நிரல் எழுதியிருக்கேன். ஒவ்வொரு பெட்டியா எடுத்துப் பாக்கும். உள்ள வந்ததும் வெளிய போனதும் அதேதான்னா, அங்க வேலையே நடக்கல. அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுடும். மிச்சத்தை அவங்கவங்க பட்டையில கொண்டுபோய் வச்சுடும். தானாவே!”

முரோய் தலையை லேசாக ஆட்டிக்கொண்டே ஓட்டினார். அவர் கேலி பண்ணாவிட்டால் யோசனை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மினோவுக்குத் தலைகால் புரியவில்லை.

“எல்லாருகிட்டயும் காட்டிட்டியா?” என்று கேட்டார். “கூட்டத்துல யாரும் எதையும் முதல் தடவையாப் பாக்கக் கூடாது. ஒவ்வொருத்தர் மேசைக்கும் போயி, அவங்க பங்கைக் காட்டி, தலையாட்ட வச்சுட்டுத்தான் திரையில ஏத்தணும். சொல்லியிருக்கேன்ல?”

“சொல்லியிருக்கீங்க. காட்டியாச்சு.”

“எல்லாருக்கும்?”

“எல்லாருக்கும்தான்.”

ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் கணக்கிலேயே வரமாட்டார் என்று அவள் நினைத்திருந்தாள்.

உசுதாவின் பதவிப் பெயரில் மேலாளர் என்ற சொல் இருந்தது, அவருக்குக் கீழே ஆள்தான் இல்லை. ஒரு காலத்தில் வெயில் கண்ணாடிப் பிரிவை நடத்தியவர். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். ஆளை வெளியே அனுப்ப மனமில்லை. ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். காலை உடற்பயிற்சிக்கு முன்வரிசையில் நிற்பார். வருகிற ஒவ்வொரு ஆர்டர் தாளிலும் உற்பத்தித் தலைவர் காதோனோவின் முத்திரைக்கும் கம்பெனித் தலைவரின் முத்திரைக்கும் நடுவே அவருடைய முத்திரை விழும், தலைவரின் முத்திரையைப் பார்த்து வணங்குகிற மாதிரி கொஞ்சம் சாய்ந்து. அவர் லீவு போட்டால் யாராவது அவருடைய இழுப்பறையைத் திறந்து, முத்திரையை எடுத்து, அதே சாய்வில் குத்திவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஓய்வு பெறுகிற நாள்வரை அவரை இப்படியே அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது அந்தக் கம்பெனி மொத்தமும் பேசாமல் பேசிக்கொண்ட ஏற்பாடு.

மினோ அவர் மேசைக்குப் போகாமல் இல்லை. போன வாரம் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். குளிர் காலமானால் அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருக்கிற மிசு-யோகான் என்ற பயறு அல்வாப் பெட்டியைத் திறந்து, வழுவழுவென்று ஒரு துண்டை வெட்டி அவள் முன்னால் வைத்தார். மரியாதைக்குப் பெயரோடு ஒரு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம்.

“சாப்பிடுங்க, மினோ-சான். வெயில் கண்ணாடிப் பிரிவு இருந்தப்போ எங்க ஆளுங்க இதுக்காகவே சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க. அப்போ எங்ககிட்ட ஒரு ஃபிரேம் இருந்துச்சு பாருங்க…”

அந்த ஃபிரேமின் கதை நீண்டது. மினோவின் மடியில் கணினி சூடேறிக்கொண்டிருந்தது. அவள் மனசு நிரலில் இருந்தது.

“உசுதா-சான், உங்க பங்கு ரொம்பச் சின்னதுதான். கூட்டத்துல படத்துலயே பாத்துக்கலாம்.”

“ஓ,” என்றார். “ஆமாமா. உங்களுக்கு நிறைய வேலை இருக்கும். இதை மட்டும் சாப்பிட்டுட்டுப் போங்க.”

பாதியைச் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அன்று மாலை நிரல் ஓடி முடிந்தபோது உசுதாவின் பட்டையில் ஒரு பெட்டிகூட இல்லை. ஆர்டர் தாள் உள்ளே வருகிறது, அதே ஆர்டர் தாள் வெளியே போகிறது; நிரல் தன் விதிப்படி ‘உறுதி செய்தல்’ என்ற பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தது. அடடா, ஒரு மனுஷன் ஆயிற்றே என்று மினோவுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அவள் கைதட்டினாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படத்திலும் தெரியாதது, கலந்ததும் வெள்ளையாகத் தெரிகிறதே! அலுவலகத்தில் அடுத்த மாதம் நடக்கிற படிப்பு வட்டத்தில் காட்டுவதற்கு அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்துச் சேமித்தும் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியில் எந்தத் தாளையும் பார்த்து ஒப்புக்கொள்கிற வழக்கம் இல்லை, வாய்விட்டு வாசித்துத்தான் ஒப்புக்கொள்வார்கள். எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள்; அவரவர் முறை வரும்போது எழுந்து, தன் பெயரைச் சொல்லி, தன் பங்கை வரி விடாமல் உரக்கப் படித்து, ‘இவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டு உட்கார வேண்டும். வாயால் சொன்னதைப் பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியாதாம்.

அன்றைய கூட்டத்தில் திரையில் படம் விரிந்தது. பட்டைகளின் தலைப்பில் பதவிகளைப் போடாமல் ஆட்களின் பெயரையே போட்டிருந்தாள் மினோ. அங்கே யாரைக் கேட்டாலும் ‘அது காதோனோ வேலை’ என்றுதான் சொன்னார்களே தவிர ‘உற்பத்தித் தலைவர் வேலை’ என்று சொன்னதில்லை.

விற்பனைப் பெண் தன் பட்டையை மூச்சு விடாமல் வாசித்தாள். காதோனோ எழுந்தார். குண்டான மனிதர், குரலும் குண்டு.

“காதோனோ. ஆர்டர் வாங்குதல். தகடு இருப்பு பார்த்தல். இல்லாவிட்டால் கத்துதல்…”

“அப்படி எழுதியிருக்கா?” என்றார் கம்பெனித் தலைவர் ஹிராபுகி அம்மாள், கண்ணாடியை இறக்கிக்கொண்டு.

“எழுதல, தலைவர். ஆனா தினமும் நடக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். மினோவும் சிரித்தாள். காதோனோ மீதியைப் படித்து முடித்து, இவ்வளவுதான் என்று உட்கார்ந்தார்.

உசுதா தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகுதான் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திரையை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

“உசுதா,” என்றார்.

தாளைத் திரும்ப முன்பக்கமாகப் புரட்டினார்.

“இவ்வளவுதான்.”

உட்கார்ந்தார். அடுத்து எழ வேண்டிய கிடங்குக்காரர் எழவில்லை. காதோனோ மேசையைப் பார்த்தார். தலைவர் தேநீர்க் கோப்பையின் உள்ளே என்னவோ தேடினார். முரோய் சட்டென்று எழுந்து இடுப்புவரை குனிந்தார்.

“மன்னிக்கணும்! அச்சுல ஏதோ கோளாறு. ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு. எங்க தப்பு.”

மினோவின் வாயிலிருந்து வந்தது அவள் நினைத்து வந்ததில்லை. யாராவது தன் நிரலைத் தப்பென்று சொன்னால் தன்னால் வந்துவிடுகிற பேச்சு அது.

“இல்ல சென்பாய், அச்சு சரியாத்தான் இருக்கு.”

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உசுதா அவளைப் பார்த்துத் தலையசைத்தார், ஆமாம், சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல. அந்தத் தலையசைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தார்கள். முரோய் வண்டியின் மேலிருந்த பனியைக் கையால் தள்ளினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

“உசுதா-சான்கிட்ட காட்டல, இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

“காட்டல.”

“ம்.”

காதோனோ கோட்டுகூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

“மினோ-சான், ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி. பழையபடி ‘உறுதி செய்தல்’னு போட்டு விட்டுடுங்க. தலைவரும் அதத்தான் சொல்றாங்க. அடுத்த வாசிப்புல அவரு எழுந்து ஒரு வரி படிச்சாருன்னா எல்லாருக்கும் நிம்மதி.”

“ஆனா இது தாள் இல்லையே,” என்றாள் மினோ. “பெட்டின்னா கணினியில ஒரு திரை. அதுல ஒரு பொத்தான். அவரு அழுத்தற வரைக்கும் ஆர்டர் அங்கயே நிக்கும். லீவு போட்டாருன்னா எடுத்துக் குத்தறதுக்கு இழுப்பறை கிடையாது.”

“அவரு அழுத்தற வரைக்கும் என் மிஷின் சும்மா நிக்கணுமா? அது ஆகாது.”

“அப்போ?”

“ஏம்மா, ஒரு மனுஷனைக் காணாம அடிக்கற அளவுக்குக் கெட்டிக்காரியா இருக்கீங்க, ஒரு பொத்தானைச் சமாளிக்க முடியாதா?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மினோவுக்குக் குளிரில் நின்றபடியே உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் கறுப்புக் கோட்டு, இனிப்புப் பெட்டி, இரண்டு பேருமாக மன்னிப்புக் கேட்கப் போனார்கள். முரோய் குனிந்தார். மினோ அவரைவிடக் குனிந்தாள். உசுதா அவர்கள் இருவரையும்விடக் குனிந்து, “எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே” என்று பதறினார். நடுவில் முரோய்க்கு ஒரு ஃபோன் வந்து அவர் வெளியே போனார்.

உசுதா குரலைத் தாழ்த்தினார். “மினோ-சான், எனக்குப் பெட்டி போடப் போறதா காதோனோ சொன்னான். போடாதீங்க.”

“ஏன், உசுதா-சான்?”

“நேத்து காலியா இருந்துச்சு. எழுந்தேன், பேரைச் சொன்னேன், உக்காந்தேன். முடிஞ்சுது. பெட்டி இருந்தா நான் அதை வாய்விட்டுப் படிக்கணும். கேக்கறவங்க எல்லாருக்கும் அது சும்மான்னு தெரியும். எனக்குத் தெரியும்கறதும் அவங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமா சத்தமில்லாம நடந்ததை நான் எழுந்து நின்னு சத்தமாச் சொல்லணும்.” கோப்பையை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். “என் பட்டையவே எடுத்துடுங்க. பின்னால உக்காந்து நான் கேட்டுக்கறேன். இத நான் கேட்டேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்ல வேணாம்.”

“கண்டிப்பா எடுத்துடறேன்,” என்றாள் மினோ. மனசாரத்தான் சொன்னாள்.

அலுவலகம் திரும்பியபோது தலைவரின் உத்தரவு எழுத்திலேயே வந்திருந்தது: உசுதா-சானுக்கு உறுதி செய்தல், கட்டாயம். அதை மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். முரோயிடமாவது சொல்லலாமா என்று அவர் மேசைவரை போனாள். நேற்றுவரை அவரிடம் ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் கோர்த்து வரவில்லை. பேனா கடன் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பெட்டியைப் போட்டாள். வாசிப்புக்கு முன்னால் உசுதாவிடம் போய் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சபாயேவுக்குப் போனாள்; அவர் மேசை இருக்கிற நடைவழியின் திருப்பம்வரை போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பிடரி தெரிந்தது. முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அங்கிருந்தே திரும்பிவிட்டாள். முதல் தடவை அவரிடம் காட்டாமல் விட்டது அலட்சியத்தால். இந்தத் தடவை வெட்கத்தால். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், கூட்டத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்.

பார்த்தார். காதோனோ வாசித்து உட்கார்ந்ததும், திரையில் தன் பெயர் இருப்பதைக் கண்டு உசுதா மெதுவாக எழுந்தார். பட்டை போயிருக்கும் என்று நம்பி வந்திருந்ததால் தாளைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“உசுதா. ஆர்டரை உறுதி செய்தல்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வரி விடாமல் வாசிப்பதுதான் முறை. அவர் முறை தவறாதவர். “உள்ளே வருவது, ஆர்டர். வெளியே போவது…” கொஞ்சம் நிறுத்தினார். “ஆர்டர். இவ்வளவுதான்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள்.

“ரொம்ப நல்லது,” என்றார் தலைவர். “அடுத்து.”

உசுதா உட்காரும்போது மினோவை ஒரு தரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கிற முகமறியாத ஆளைப் பார்க்கிற பார்வை அது. தலையைக் குனிந்துகொண்ட மினோ அந்தக் கூட்டம் முடிகிறவரை நிமிரவில்லை. வண்டியில் முரோய், “எப்படியோ சமாளிச்சுட்ட, பரவால்ல,” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பொத்தான். திரைகளை எழுதுகிற பொறுப்பும் மினோவுடையதே. உசுதாவின் திரையை அவள் அழகாகச் செய்தாள்: ஆர்டர் விவரம் பெரிய எழுத்தில், கீழே நீல நிறத்தில் ‘உறுதி’. ஆனால் அதை எதோடும் இணைக்கவில்லை. அவர் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஆர்டர் அதுபாட்டுக்குத் தொழிற்கூடத்துக்குப் போய்விடும். அழுத்தினால் பொத்தான் பச்சையாகும், அவ்வளவே. இவரால் ஆர்டர் தேங்குகிறது என்று யாரும் முணுமுணுக்கப் போவதில்லை. காதோனோவின் மிஷினும் நிற்காது. உசுதாவின் மனசும் நோகாது. யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குச் செய்த இரண்டு அவமானத்துக்கும் சேர்த்துச் செய்கிற பரிகாரம் என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பனி கரைந்து, மரங்கள் பூத்து உதிர்ந்த சமயம் புது அமைப்பு ஓடத் தொடங்கியது. பெரிய சிக்கல் எதுவும் இல்லை. முரோய் முதல் தடவையாக வாய்விட்டு, “நல்லா வந்திருக்கு,” என்றார். அடுத்த வாரத்தில் ஒரு காலை மினோவின் மேசை ஃபோன் அடித்தது.

“மினோ-சானா? உசுதா பேசறேன். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்.”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். “இல்லவே இல்ல, சொல்லுங்க.”

“ஒரு ஆர்டரை அழுத்தாம நிறுத்தி வச்சிருக்கேன்.” அவர் குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒரு துள்ளல். “குழந்தைங்க ஃபிரேமுக்குப் பெரியவங்க அளவுல, காதுல மாட்டற கால் போட்டு வந்திருக்கு. காதுக்குப் பின்னால தோள்வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும், அந்தப் பிள்ளைங்களுக்கு! கடைக்காரங்க தப்பா அடிச்சிருப்பாங்க. அதான் அழுத்தல. இப்பத்தான் முதல் தடவையா நிறுத்தறேனா, சரியா நிக்குதான்னு உங்ககிட்டயே கேட்டுக்கலாம்னு… நின்னுடுச்சுல்ல?”

மினோ திரையில் தேடினாள். அந்த ஆர்டர் நேற்றே போய்விட்டிருந்தது. உசுதாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அமைப்பு தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஆர்டரையும் அவர் திறந்து, வெகுநேரம் வைத்திருந்து, பிறகே அழுத்தியிருக்கிறார். வாசித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் வாசித்திருக்கிறார். எல்லார் முன்னாலும் நின்று ‘உறுதி செய்தல்’ என்று வாய்விட்டுச் சொன்ன மனிதர், சொன்னதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

“மினோ-சான்? லைன்ல இருக்கீங்களா?”

ஆமா, நின்னுடுச்சு என்று சொல்லிவிட்டு, ஓசையில்லாமல் தொழிற்கூடத்தில் யாரையாவது பிடித்து ஆர்டரை நிறுத்திவிடலாம். வாய்வரை வந்துவிட்டது.

“நிக்கல, உசுதா-சான்,” என்றாள். “அந்தப் பொத்தானை நான் எதோடயும் இணைக்கல. நீங்க அழுத்தினாலும் அழுத்தாட்டாலும் ஆர்டர் போயிடும். யாரும் சொல்லல. நானா பண்ணேன். நீங்க பாக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“அப்போ குழந்தைங்க ஃபிரேம்?”

“தகடு வெட்டப் போயிருக்கும்.”

“நிறுத்துங்க!” அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. “மொதல்ல அத நிறுத்துங்க.” ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் காதோனோவைப் பிடித்தாள். அவர் ஒரு சத்தம் போட்டார், தொழிற்கூடத்தில் இயந்திரம் நின்றது. தகட்டில் வாய் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

“அடேங்கப்பா! இத எவன் கண்டுபிடிச்சான்?”

“உசுதா-சான்.”

“உசுதாவா? எப்படி? பொத்தான்ல நிறுத்திட்டாரா?”

இல்லை என்றால், அது ஏன் இயங்கவில்லை என்று கேட்பார். அது வெறும் பொம்மைப் பொத்தான் என்பது தொழிற்கூடம் முழுக்கத் தெரிந்துபோகும். உசுதா இத்தனை நாளும் பொம்மையை அழுத்திக்கொண்டிருந்தார் என்பதும் தெரிந்துபோகும்.

“ஆமா,” என்றாள் மினோ. “பொத்தான்லதான்.”

“பாத்தீங்களா? பெட்டி போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல!” என்று காதோனோ கூவினார். அந்தக் கூவல் ஃபோனை வைத்த பிறகும் அவள் காதில் இருந்தது.

அன்று மதியமே பொத்தானை இணைத்தாள். இணைத்துவிட்டேன் என்று உசுதாவுக்கு எழுதினாள். பதில் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் முதல் ஆர்டரை அவர் திறந்தார். வழக்கம்போல வெகுநேரம் வைத்திருந்தார். அழுத்தினார்.

காதோனோ இதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். புது அமைப்பின் முதல் வெற்றியாம், உசுதா-சானின் உறுதிப் பொத்தான். அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் அவர் பட்டை வரும்போது எல்லாரும் எழுந்து கைதட்ட வேண்டும் என்று தலைவர் ஹிராபுகி அம்மாளே ஏற்பாடு செய்திருக்கிறார். பிழையை உசுதா கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு உண்மை. பொத்தான் நிறுத்தியது என்பது பொய். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அவர் எழுந்து தன் பெயரைச் சொல்லும்போது அவர் கண்ணை எப்படிப் பார்ப்பது என்பதுதான் மினோவுக்கு இப்போது ஒரே கவலை.

உண்மையைச் சொன்னால் தன் பொய் மட்டுமில்லை, அவர் இத்தனை நாள் அழுத்திய அழுத்தமும் எல்லார் முன்னாலும் பொம்மையாகிவிடும். சொல்லாமல் கைதட்டினால், அவர் பெயரில் இன்னொரு பெட்டியை அவரைக் கேட்காமலே வரைகிற மாதிரிதான். முன்கூட்டியே அவர் மேசைக்குப் போய்க் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் அவர் என்ன சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டு அவளால் நிற்க முடியுமா? கூட்டம் வியாழக்கிழமை. நீங்களே சொல்லுங்களேன், மினோ என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?